கடைவாய்ப் பல் இருந்த இடம்

சாப்பிட்ட அரை மணிக்குள் மாத்திரையைக் கொடுத்துவிட வேண்டும், எச்சிக்கை காயறதுக்குள்ளன்னு வெச்சுக்க அம்மணி என்று ஆஸ்பத்திரியில் பிரிஸ்கில்லா சிஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார், ஆனால் நங்கையா கையால் அள்ளிச் சாப்பிட்டே ரெண்டு மாசம் ஆகிவிட்டது, கரண்டியில் சாப்பிடுகிறவளுக்கு எச்சிக்கை ஏது, அதனால் மகுடேஸ்வரி சுவர்க்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்பதே முக்காலுக்கு இன்னும் ரெண்டு கோடு. மோரில் கரைத்த இட்லி ஒன்றரை உள்ளே போயிருக்கிறது, மீதி கிண்ணத்தில் தண்ணியாக ஆடுகிறது. நாடாக் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள் தெய்வாத்தாள், மகுடேஸ்வரியின் புருஷன் மோகனசுந்தரத்துக்குக் கூடப்பிறந்த அக்கா, இவளுக்கு நங்கையா, நாற்பத்தேழு வயசு, குடலில் கட்டி என்று அறுத்தெடுத்து வயிற்றில் ஒரு சாண் தழும்பு. பாட்டில் மூடிக்குள் மாத்திரை ரெண்டு, வெளுத்த ரோஸ் நிறத்தில், புளியங்கொட்டை நீளத்துக்கு. வெறுங்கையில் தொடாதே, புள்ளைக்குப் பால் குடுக்கறவ நீ, அட்டையிலிருந்து நேரா மூடிக்குத் தள்ளு, மூடியிலிருந்து நேரா அவுங்க வாய்க்குப் போகணும். அதுவும் சிஸ்டர் சொன்னதுதான். சிஸ்டர் சொன்னது எதையும் அவள் மறக்கிறதில்லை, அஞ்சாவதோடு நின்ற படிப்பு, எழுதி வைக்கிற பழக்கமில்லாமல் எல்லாம் மண்டைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, பதினாலு நாள் மாத்திரை, ஏழு நாள் சும்மா, மறுபடி பதினாலு, இது நாலாவது சுத்து, இன்றைக்குப் பதினாலாம் நாள். காலையில் ரெண்டு இவள் கொடுக்க வேண்டும், சாயங்காலம் பொழுதோட ரெண்டு மோகனசுந்தரம் மில்லுக்கு வண்டியை எடுக்கும் முன்னால் கொடுப்பான். கொடுத்ததும் ஆஸ்பத்திரியில் தந்த கார்டில் அந்தந்தக் கட்டத்தில் பெருக்கல் குறி. இன்றைக்குப் புதன், பத்து மணிக்கு சிஸ்டர் போன் வரும், மாத்திரை முழுங்குனாங்களா, வாயப் பாத்தீங்களா, தொந்தரவு ஏதாச்சும் இருக்குதா, மூணே கேள்வி, மூணுக்கும் இவளிடம் இருப்பது ரெண்டே பதில், ஆமாங், இல்லீங்.

வாயைப் பார்க்கிறது என்றால் வாயைப் பார்க்கிறதுதான். முதல் தடவை அவளுக்கு வெட்கமாக இருந்தது, அடுத்தவர் வாய்க்குள் எப்படிப் பார்ப்பது, அதுவும் நங்கையா வாய்க்குள், மூணு வருஷமாக எந்த வாய்க்கு முன்னால் தலையைத் தூக்கினதில்லையோ அந்த வாய்க்குள். ஏன்டி ஊமச்சி, வாயில என்னத்த வெச்சிருக்கற, தொறந்துதான் சொல்லேன் என்று சொந்தபந்தம், ஒறம்பறை எல்லாம் உட்கார்ந்திருக்கும்போது கேட்ட வாய். ஆமாங்கறதுக்கும் இல்லீங்கறதுக்கும் அஞ்சாவது வரைக்கும் படிக்கோணுமா, ஒண்ணாவதே போதுமே என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்த வாய். பாப்பா சஷ்டிகா வயிற்றில் ஆறு மாசமாக இருந்தபோது பச்சரிசி மேல் ஒரு ஆசை வந்தது, ஆசை என்றுகூடச் சொல்ல முடியாது, நாக்கு தானாக அதைத் தேடிப் போயிற்று, டப்பாவில் கை விட்டு ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு திரும்பினால் நங்கையா நிற்கிறாள், பின்னால் தறிக்கொட்டகைப் பொம்பளைகள் மூணு பேர் தண்ணி குடிக்க வந்து நிற்கிறார்கள். தாடையைப் பிடித்தாள். ஆ காட்டு. காட்டுடி. அவள் காட்டினாள். பல்லிலும் நாக்கிலும் வெள்ளை வெள்ளையாக அரிசி. பாருங்க, எங்கூட்டுக் கோழி தீனி எடுக்கறத என்றாள் நங்கையா, அந்த மூணு பேரும் சிரித்தார்கள், மகுடேஸ்வரிக்கு மூடவும் தெரியவில்லை, முழுங்கவும் தெரியவில்லை, வாயைத் திறந்தபடியே நின்றாள், கண்ணில் தண்ணி வந்ததா வரவில்லையா என்று இப்போது நினைவில்லை, அரிசி ஊறி மாவாகி நாக்கில் ஒட்டினது மட்டும் நினைவிருக்கிறது. அந்த நங்கையாவிடம்தான் ஆஸ்பத்திரியில் ஆ காட்டுங்க என்று சொல்லச் சொன்னார்கள். நாக்கைத் தூக்கச் சொல்லிப் பாரு, அடியில பாரு, கன்னத்துப் பக்கம் பாரு, டம்ளர் காலியாகற வரைக்கும் முதுகக் காட்டாத, வயித்தப் பொரட்டுதுன்னு ஒதுக்கி வெச்சுத் துப்பிருவாங்க, எத்தன பேரப் பாத்திருக்கோம். முதல் சுத்து முழுக்க வெட்கத்தோடு எட்டிப் பார்த்தாள். ரெண்டாவது சுத்தில் வெட்கம் போயிற்று. மூணாவது சுத்தில், இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, தனக்கே சொல்லிக்கொண்டதில்லை, நங்கையா ஆவென்று திறந்துகொண்டு காத்திருக்கும்போது பார்த்து முடித்த பிறகும் செரிங் என்று உடனே சொல்லாமல் மனசுக்குள் பத்து வரைக்கும் எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. வெள்ளை படிந்த நாக்கு நடுங்கும். ஏழு, எட்டு. எச்சில் ஓரத்தில் வழியும். பத்து. செரிங் நங்கையா, மூடிக்கங்க.

ஒன்பதே முக்கால். மூடியை நீட்டினாள், நங்கையா கழுத்தை நீட்டி உதட்டால் வாங்கிக்கொண்டாள், கையில் வாங்க முடியாது, உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்து சிவந்து கிடக்கிறது, விரல் மடிப்பில் வெடிப்பு வெடிப்பாக ரத்தம் கசிந்து காய்ந்திருக்கிறது. டம்ளரை ரெண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக் குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. முதல் மடக்கு, ரெண்டாவது மடக்கு, நன்றாகத்தான் இறங்குகிறது, தண்ணிதானே, தண்ணி இறங்கும். அந்தத் திங்கட்கிழமையும் இப்படித்தான் இறங்கியது, போன வாரத்து வேலை எதுவும் ஞாபகமில்லை, அந்தத் திங்கட்கிழமை மட்டும் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது, இந்தச் சுத்தின் அஞ்சாம் நாள், ஆ காட்டுங்க என்றதும் காட்டினாள், நாக்குக்கு அடியில் இல்லை, மேலே இல்லை, இடது பக்கம் கீழ்வரிசையில் கடைவாய்ப் பல் ரெண்டு பிடுங்கின இடம் பொந்தாக இருக்கும், அந்தப் பொந்துக்குள் ரோஸாக ஒரு ஓரம். நகத்தின் நுனி அளவுக்கு. அவள் பார்த்தாள். பத்து வரைக்கும் எண்ணினாளா? இல்லை, அன்றைக்கு எண்ணவில்லை. செரிங் என்றாள். அவ்வளவுதான் நடந்தது. செரிங் நங்கையா. பேனாவை எடுத்துப் பெருக்கல் போட்டாள். நங்கையா மெதுவாக எழுந்து பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குப் போனாள், வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. செவ்வாய், ரோஸ் ஓரம், செரிங். புதன், ரோஸ் ஓரம், செரிங், பத்து மணிக்கு சிஸ்டர், முழுங்குனாங்களா, ஆமாங், வாயப் பாத்தீங்களா, ஆமாங். வாயைப் பார்த்தது பொய்யில்லையே. ஒன்பது நாள், ஒன்பது பெருக்கல். பொழுதோட மாத்திரைக்குச் சாட்சியே கிடையாது, மோகனசுந்தரம் அக்காவின் மூஞ்சியை நிமிர்ந்து பார்த்து ஏழெட்டு மாசம் ஆகிறது, மூடியைக் கட்டில் மேல் வைத்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவான்.

ஏன் சொல்லவில்லை என்று அவள் தன்னையே கேட்காமல் இல்லை, கேட்டால் ஒவ்வொரு தடவையும் வேற வேற பதில் வருகிறது. பாவம் பார்த்து என்று ஒரு பதில். கை அப்படி வெந்து கிடக்கிறது, அந்த மாத்திரையால்தானே, ஒரு வேளை மாத்திரையைத் துப்பினால்தான் என்ன. அந்தக் கையைத்தான் ரேஷன் கடையில் மிஷின் மேல் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள் நங்கையா, பெருவிரல் விழவில்லை, ஆள்காட்டி விரல் விழவில்லை, என்னுங்க்கா ரேகையெல்லாம் தேச்சு அழிச்சுட்டீங்க, எங்கீங் திருடப் போறீங்க என்றான் கடைக்காரன், வரிசையே சிரித்தது, நங்கையாவும் உங்கூட்டுக்குத்தான்டா, பீரோ சாவிய எங்க வெச்சிருக்கற என்று சொல்லிச் சிரித்தாள், வீட்டுக்கு வந்து உள்ளங்கையை விரித்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்குத்தான் சொன்னாள், புதன்கெழம போன் வந்தா சொல்லு, கையி வெந்து போச்சுன்னு, வாயெல்லாம் புண்ணுன்னு. கெஞ்சுகிற மாதிரிகூட இருந்தது. அது மூணாவது சுத்து. போன் வந்தது. தொந்தரவு ஏதாச்சும் இருக்குதா என்று சிஸ்டர் கேட்டார். சொல்ல வேண்டும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது, கை என்று ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்தால் அடுத்தது ஏதாவது கேட்பார்கள், எப்ப இருந்து, எந்த இடத்துல, எவ்வளவு, படித்தவர்களிடம் பேசும்போது அவளுக்கு வார்த்தை எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், காது சூடாகும், இல்லீங் என்றாள். இல்லீங் நல்லாருக்காங்க. கட்டிலில் நங்கையா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள், அவ்வளவுதான். வெட்கம்தான் காரணம் என்று இன்னொரு பதில். சுபாவமே அப்படி, பிறவிக் கூச்சம். சிஸ்டர் தொடக்கூடாது என்றார் என்பது மூணாவது பதில், பொந்துக்குள் இருப்பதை விரலை விட்டுத்தானே எடுக்க வேண்டும், பால் குடுக்கிறவள் எப்படித் தொடுவாள். இந்தப் பதில்தான் அவளுக்கு ரொம்பப் பிடித்தது, ஒன்பது நாளும் இதைத்தான் போர்த்திக்கொண்டு படுத்தாள். இதற்கு அடியில் ஒன்று இருக்கிறது, அங்கே போகக்கூடாது, போனால் பச்சரிசி வாசம் வரும்.

அந்தப் போர்வையும் நேற்று கிழிந்துவிட்டது. நேற்று பொழுது சாயறதுக்கு முன்னால் துணி மடித்துக்கொண்டிருந்தாள், பாப்பா கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய் உட்கார்ந்துகொண்டு எதையோ சப்புகிற சத்தம். ஒன்பது மாசக் குழந்தை, தரையில் இருப்பதெல்லாம் அதற்கு வாய்க்குத்தான். எட்டிப் பார்த்தால் உதட்டோரத்தில் ரோஸாக எச்சில் வழிகிறது. அவ்வளவுதான் தெரியும், அடுத்து அவளுக்குத் தெரிந்தபோது விரல் குழந்தையின் வாய்க்குள் இருந்தது, எப்படிப் போயிற்று என்று தெரியாது, தாடையைப் பிடித்ததும் தெரியாது, வளைத்து இழுத்ததில் பாதி கரைந்த ஒரு மாத்திரை நகத்தோடு வந்து விழுந்தது, மேல்தோல் ஊறி உள்ளே வெள்ளையாக. முந்தின நாள் பொழுதோட மோகனசுந்தரம் மூடியில் வைத்துவிட்டுப் போனதில் ஒன்று கட்டிலுக்கு அடியில் உருண்டிருக்க வேண்டும். நாக்கை முந்தானையால் துடைத்தாள், வாய்க்குள் தண்ணி விட்டுக் கவிழ்த்தாள், மறுபடி துடைத்தாள், குழந்தை வீறிட்டது, இவளும் கத்தினாள் என்று பக்கத்துக் கொட்டகையிலிருந்து தறியை நிறுத்திவிட்டு ஓடி வந்த லோகாம்பாள் சொன்னாள். அவளோடு ஆட்டோவில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினது, அவர் பார்த்துவிட்டு மாத்திரை உள்ளே போகவில்லை, இருந்தாலும் பார்த்துக்கொண்டே இருங்கள் என்றது, விடிய விடிய மூச்சு வருகிறதா என்று மூக்கில் கை வைத்துப் பார்த்தது, எல்லாம் கலங்கின தண்ணி மாதிரி இருக்கிறது. ஒன்றுதான் தெளிவாக இருக்கிறது. அவள் குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டு வளைத்துக்கொண்டிருந்தபோது மேலே கட்டிலில் நங்கையா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே விழுந்த மாத்திரையைப் பார்க்கவில்லை. குழந்தையையும் பார்க்கவில்லை. விரலைத்தான் பார்த்தாள்.

டம்ளர் காலி. பத்துக்கு எட்டு நிமிஷம். பாப்பா தூளியில் தூங்குகிறது, கொட்டகையில் தறி ஒரே மாதிரி அடித்துக்கொண்டிருக்கிறது. ஆ காட்டுங்க நங்கையா என்றாள், நங்கையா காட்டினாள், நாக்கைத் தூக்கினாள், இறக்கினாள், இடது பக்கம் பொந்துக்குள் ரோஸ் ஓரம். இந்த இடத்தில் செரிங் வர வேண்டும். வரவில்லை. நங்கையா வாயை மூடிக்கொண்டு அவளையே பார்த்தாள்.

"என்ன, செரிங்கக் காணோம்?"

"கடவாய்ல இருக்குதுங்க."

"எது?"

"மாத்தரைங்க."

"அட," என்றாள் நங்கையா. மாத்திரை வாயில் இருப்பதால் பேச்சு கொழகொழத்து வந்தது. "கண்ணு தெரியுதே அம்மணிக்கு. இன்னிக்கு எந்தச் சாமி வந்து தொறந்து உட்டுச்சு?"

மகுடேஸ்வரி காலி டம்ளரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"அந்தத் திங்கக்கெழமையில இருந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கறே. உம்பட கண்ணு எங்க வந்து நிக்குதுன்னு எனக்குத் தெரியாதா? அடியில பாக்கறே, மேல பாக்கறே, அப்பறம் எடது பக்கம் வந்து நிக்கறே. நின்னுட்டு செரிங்கறே. அப்பறம் கோழி கெளர்ற மாதிரி ஒரு பெருக்கலு."

"சொல்லோணும்னுதானுங்..."

"நேத்து அது வாய்க்குள்ள வெரல உட்டயே, ரோசன பண்ணியா உட்ட?"

"சிஸ்டர் தொடக்கூடாதுன்னாங்க நங்கையா."

நங்கையா சிரித்தாள். சிரித்ததில் புண் இழுத்துக் கண்ணில் தண்ணி வந்தது, அதோடும் சிரித்தாள். "நேத்து மட்டும் போன் போட்டு உத்தரவு வாங்கிட்டயாக்கும்." பிறகு குரலை இறக்கினாள். "கையி வெந்து போச்சுன்னு சொல்லுன்னேன், நல்லாருக்காங்கன்ன. செரி, எம்பட வலிக்குத்தான் வாயில்ல, எம்பட சாவுக்காச்சும் வாயத் தொறக்கறாங்களான்னு பாக்கலாம்னு ஒதுக்கி வெச்சேன். எந்தம்பி பாக்காம உடறான். நீ பாத்துட்டு உடறே."

"நங்கையா..."

"வெரல உடு. தெகிரியம் இருந்தா உட்டு முழுங்க வெய்யி. இல்லீன்னா செரிங்னு சொல்லிட்டு உம்பட பெருக்கலப் போட்டுக்க."

ஆவென்று திறந்துகொண்டாள். இந்த ஆ யாரும் கேட்காமல் திறந்த ஆ. மகுடேஸ்வரிக்குக் காது சூடாகியது, கொட்டகைச் சத்தம் தூரப் போயிற்று, அவளுக்குத் தன் கையைப் பார்க்கத் தோன்றியது, நேற்று தானாகப் போன விரல் இன்றைக்கு ஏன் போகவில்லை, போகச் சொல்ல வேண்டியிருக்கிறது, போ, போ, ஒவ்வொரு கணுவாகத் தள்ள வேண்டியிருக்கிறது, பெற்றதற்குத் தானாகப் போகும், மற்றதற்குத் தள்ளத்தான் வேண்டும், இதில் என்ன பாவம் என்று ஒரு நினைப்பு, இதுதான்டி பாவம் என்று இன்னொரு நினைப்பு, அதற்குள் விரல் உள்ளே இருந்தது. கொதிக்கிற சூடு. கன்னத்தின் உட்பக்கம் கொழகொழவென்று, புண் மேல் பட்டதும் நங்கையாவின் உடம்பே துள்ளியது. பொந்துக்குள் மாத்திரை ரெண்டும் சோப்புத் துண்டு மாதிரி வழுக்கின. நகத்தால் நெம்பி நாக்குக்கு மேலே கொண்டு வந்து பின்பக்கம் தள்ளினாள், இன்னும் பின்பக்கம், குமட்டிக்கொண்டு வந்தது நங்கையாவுக்கு, வரட்டும், தாடையை இன்னொரு கையால் பிடித்தாள், பச்சரிசி தின்றபோது தன் தாடையைப் பிடித்தது எப்படி இருந்ததோ அப்படியே பிடித்தாள், அது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. நங்கையா கடித்தாள். எலும்பு வரைக்கும் இறங்கின மாதிரி இருந்தது. மகுடேஸ்வரி விரலை எடுக்கவில்லை. முழுங்குங்க. முழுங்குங்க நங்கையா. அது யார் குரல் என்று அவளுக்கே தெரியவில்லை. விரல் நுனியில் தொண்டை இறுகி ஒரு இழு இழுத்தது, பாப்பா பால் குடிக்கும்போது இழுக்கிற அதே இழு, வழுக்கலாக ரெண்டும் உள்ளே போயின.

கட்டில் மேல் கிடந்த செல்போன் அடித்தது. நங்கையாவின் பல் லேசாகத் தளர்ந்தது, விரலை எடுத்து ரத்தத்தோடு சேர்த்துப் சேலையில் துடைத்துக்கொண்டு இடது பெருவிரலால் ஸ்பீக்கரைத் தொட்டாள்.

"மகுடேஸ்வரிங்களா? பிரிஸ்கில்லா பேசறேன். மாத்திரை ஒழுங்கா எடுத்துக்கறாங்களா?"

ஆமாங் நாக்கு நுனியில் தயாராக நின்றது. அதைத் தள்ளிவிட்டு வேற ஒன்று வந்தது. "இல்லீங் சிஸ்டர். ஒம்போது நாளா காலையில மாத்தரை முழுங்கலீங்க. கடவாய்ல ஒதுக்கி வெச்சுத் துப்பிட்டாங்க. நான் பாத்தனுங். பாத்துட்டு உங்ககிட்டப் பொய்யிச் சொன்னனுங்." தறிச் சத்தத்துக்கு மேலே போயிற்று அவள் குரல். நிறுத்தினால் மறுபடி வராது என்று பயந்து நிறுத்தாமல் சொன்னாள், கையி ரெண்டும் வெந்து போச்சுங்க, தோலு உரிஞ்சு ரத்தம் வருதுங்க, ரேகையே போச்சுங்க, வாயெல்லாம் புண்ணுங்க, போன சுத்துலயே சொல்லச் சொன்னாங்க, நாந்தான் சொல்லலீங்க. சொல்லி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது, லேசாக இருந்தது, பாரத்தை இறக்கி வைத்தவள் மாதிரி நங்கையாவைப் பார்த்தாள்.



"ஏம்மா, இதைத்தானேம்மா வாராவாரம் கேக்கறேன்? கை அந்த மாதிரி ஆனா மாத்திரையை உடனே நிறுத்தணும். நிறுத்தி, ஆறவிட்டு, அளவைக் குறைச்சுக் குடுப்பாங்க. அதுக்குத்தான் தொந்தரவு இருக்குதான்னு கேக்கறதே. சரி, நாளைக்குக் காலையில முதல் ஆளா கூட்டிட்டு வந்திருங்க. அது வரைக்கும் ஒரு மாத்திரை உள்ள போகக்கூடாது. இன்னிக்குக் காலையில இன்னும் குடுக்கலியே?"

நங்கையாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. தோலுரிந்த ஒரு விரலால் இடது கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, ஆவென்று வாயைத் திறந்து காட்டினாள். நாக்கைத் தூக்கினாள். இறக்கினாள். கடைவாய்ப் பல் இருந்த இடம் சிவந்து, காலியாக இருந்தது.

"மகுடேஸ்வரி? கேக்குதாம்மா? குடுத்துட்டீங்களா?"

"முழுங்கிட்டாங்கங்க," என்றாள்.

நங்கையா வாயை மூடவில்லை. பத்து எண்ணுகிற வரைக்கும் மூட மாட்டாள் போலிருந்தது.